நெஞ்சுக்கு வைத்த மாசிபத்திரிச் சூடு

குழலை ஊதச் சொன்ன பெண்ணின் முகத்தில் முதலில் பொறுமை இருந்தது. ராஜபாளையத்தில் நெஞ்சுநோய் டாக்டரின் கிளினிக்கில் ஒரு சின்ன அறை. கம்ப்யூட்டரோடு வயர் போட்டு இணைத்த பிளாஸ்டிக் குழலை என் வாயில் செருகி, மூக்குக்கு ஒரு கிளிப்பையும் மாட்டிவிட்டு, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க" என்று அவர் கத்தினார். நான் கபடி ஆடிய காலத்தில்கூட யாரும் எனக்கு அப்படி உற்சாகம் கொடுத்ததில்லை. நானும் ரோஷம் வந்து ஊதினேன். திரையில் ஒரு கோடு கிளம்பியது. கொஞ்சம் மேலே போனது. பிறகு, வேண்டாத விருந்துக்கு வந்துவிட்டதைப் போலக் கூச்சப்பட்டுக் கீழே இறங்கிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"ஸ்டாக்கு அம்புட்டுதாம்மா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பல வருஷமாக ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, துக்க வீடு என்று எல்லா இடத்திலும் ஆட்களைச் சிரிக்க வைத்துப் பழகியவன் நான். ஒரு கிளினிக்கில் நம் ஜோக்குக்குச் சிரிப்பு வரவில்லை என்றால், ஒன்று ஜோக் மோசமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரிப்போர்ட் மோசமாக இருக்க வேண்டும். என் ஜோக்கில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அடுத்த அறையில் இருந்த டாக்டரும் ஒரு பெண்தான், என் மகள் வயது. நிதானமாகத்தான் சொன்னார். ஸ்பின்னிங் மில்லில், அதுவும் பேலை, அதாவது பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினுக்குள் கொடுக்கிற புளோ ரூமில், இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து நின்றவன் நான். அந்தத் தூசியும், ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்து இழுத்த பீடியும் கைகோத்துக்கொண்டு உள்ளே குழாய்களைச் சுருக்கிவிட்டனவாம். சிஓபிடி என்று பெயர். நாள்பட்ட நோய். போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அதற்கு இந்த இன்ஹேலர் பம்பு, காலையும் சாயங்காலமும், மூச்சு முட்டினால் இந்த நீலப் பம்பு, முடிந்தவரை தூசியை விட்டு விலகுங்கள். இவ்வளவும் சொன்னார். என் காதில் விழுந்தது 'திரும்ப வராது' மட்டும்தான். மற்றதெல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ பேசுவதுபோல் இருந்தது.

பம்பு அடிக்க மருந்துக்கடையிலேயே காட்டிக் கொடுத்தார்கள். நன்றாகக் குலுக்கு, மூச்சை வெளியே விடு, வாயில் வை, அழுத்து, உள்ளே இழு. இதில் தெரியாமல் போக என்ன இருக்கிறது? நானும் தினமும் கண்ணாடி முன்னால் நின்று, பல் தேய்ப்பதைப் போல ஒழுங்காக அடித்தேன். ஒரு வேளை தவறவில்லை. பீடியையும் அன்றோடு விட்டுவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கு அல்ல, பயந்தவன் ஒழுக்கமாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

ஆனால் மூச்சு தேறவில்லை.

முதலில் மாடிப்படி போனது. பாதி ஏறி, சுவரில் கைவைத்து, சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நடித்து, மீதி ஏறுவேன். பிறகு தண்ணீர்க் கேன் போனது. பிறகு குனிந்து செருப்பு வார் மாட்டுவது. கடைசியில் ஜோக்கும் போனது. அதுதான் எனக்குப் பெரிய அடி. டீக்கடையில் ஒரு கதையை ஆரம்பித்து, ஆட்களைத் திரட்டி, எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கடைசி வரிக்குக் காத்திருக்கும்போது எனக்கு மூச்சு தீர்ந்துவிடும். நெஞ்சுக்குள் ஒரு விசில் கேட்கும். அவர்கள் அந்த விசிலும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்து இன்னும் சிரிப்பார்கள். "ஏலே, பொறவு என்ன ஆச்சு, சொல்லுலே!" என்பார்கள். எனக்குச் சொல்ல மூச்சு இருக்காது. கையை ஆட்டிவிட்டு நடந்துவிடுவேன்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்து உட்கார்ந்தது. எங்கள் மில்லிலேயே பம்பு அடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் பம்பு அடித்துவிட்டு வாலிபால் ஆடுகிறார். எல்லோருக்கும் கேட்கிற மருந்து எனக்குக் கேட்கவில்லை. ஆக, நான் மருந்தைத் தாண்டிப் போய்விட்டேன். டாக்டரிடம் போய்ச் சொல்லலாம்தான். சொன்னால், அவர் அந்தக் கோட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, சிரிக்காமல், அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவாரே! சொல்லாதவரை அது உண்மை இல்லை என்று ஒரு கணக்கு.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ்களை எல்லாம் நின்று படிக்கத் தொடங்கினேன். என்னைவிட மூத்தவர் என்றால் ஒரு நிம்மதி. இளையவர் என்றால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. ஒருநாள் செல்போனில் என் பழைய போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதில் முகம் கொஞ்சம் களையாக இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. மனைவியிடம் காட்டினேன்.

"ஏட்டி, இதுல எது நல்லாருக்கு?"

"எதுக்கு, ஆதாருக்கா?"

"அந்த மாதிரிதான். பெருசா போடுவாங்க."

"எதுலயும் நல்லா இல்ல. பேசாம வாங்க, சோறு ஆறுது" என்றாள். என் பிளெக்ஸ் விவகாரம் அத்தோடு நின்றது.

ஆடி மாதம் பிறந்ததும் அவளுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. மொட்டை மாடியில் துணி காயப் போட்டிருந்தோம். காற்று பிய்த்துக்கொண்டு அடித்ததால் எடுத்து வரச் சொன்னாள். போனேன். வெகுநேரம் ஆகியும் வராததால் அவளே ஏறி வந்தாள். கடைசிப் படியில், நெஞ்சில் கைவைத்து, ஒரு பாவாடையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீதித் துணியெல்லாம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் கிடந்தன.

"பம்பு அடிக்கீகளா, இல்லையா?"

"அடிக்கேன்."

"சத்தியமா?"

"உம்மேல."

"எம்மேல வேண்டாம். அந்தப் பம்பு மேல பண்ணுங்க."

பண்ணினேன். அவள் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்பது அவள் திட்டாததிலிருந்து தெரிந்தது. அவள் பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டி உருளையாகச் சுற்றுகிற வேலை செய்கிறாள். நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே வேலை செய்யக்கூடியவள். என் மடியில் கிடந்த பாவாடையை எடுத்து மடித்துக்கொண்டே, "எங்கண்ணன் முழங்காலுக்குப் பாத்தாருல்ல, ஸ்ரீவில்லிபுத்தூருல மிலிட்டரிக்காரரு ஒருத்தரு, அவிய நெஞ்சுக்கும் பாக்காகளாம். மூலிகைச் சூடு" என்றாள்.

சூடு என்ற சொல்லைக் கேட்டதும் என் வலது கை தானாக இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் மஞ்சக்காமாலைக்கு என்று பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அங்கே சூடு இழுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொள்ள நாலு பெரியவர்கள் தேவைப்பட்டார்கள். மணிக்கட்டுக்கே அந்தப் பாடு என்றால் நுரையீரலுக்கு எந்தச் சைஸில் கம்பி?

"கம்பி எல்லாம் கெடையாதுங்க. மேல படாமத்தான் காட்டுவாகளாம். அண்ணன் சுகமா இருந்துச்சுன்னு சொல்லுது."

"உங்கண்ணனுக்குச் சுகம்னா அது வேற ரகம். அவரு கல்யாண வீட்டுல ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல தூங்குறவரு."

இப்படி வாய்தான் பேசியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றது நான்தான். பயந்தவனுக்கு ஒரு கதவு தெரிந்தால் போதும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கோயிலுக்குப் போகிற கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ஒரு பாட்டியம்மா நின்றுகொண்டிருந்தார். எழுந்து இடம் கொடுக்க நினைத்தேன். என்னைப் பார்த்துவிட்டு, "நீ இரு ராசா, ஒனக்கு என்னைய விட முடியல போல" என்றார். அவ்வளவு வெளிப்படையாகவா தெரிகிறது! மிச்சத் தூரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கொஞ்சமாக, யாருக்கும் கேட்காமல் மூச்சு விட்டேன்.

மிலிட்டரிக்காரரின் வீடு கோயிலுக்குத் தள்ளி ஒரு சந்தில் இருந்தது. முன்னறைதான் வைத்தியசாலை. ஒட்ட வெட்டிய தலை, நேராக நிற்கும் முதுகு, அறுபதைத் தாண்டியவர். ராணுவத்தில் ஆஸ்பத்திரிப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். பிறகு அக்குபஞ்சரும் இந்தச் சூட்டு வைத்தியமும் படித்துக்கொண்டாராம். சுவரில் மனித உடம்பு படம் ஒன்று, மேலெல்லாம் புள்ளிகளோடு, அம்மை போட்டதுபோல் நின்றது. என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி எண்ணைப் பார்த்தார். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். டாக்டர் கொடுத்த பம்புகளை வாங்கிப் பார்த்துவிட்டு மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, முதல்லயே சொல்லிருதேன். இது பம்புக்குப் பதில் கெடையாது. பம்பை நிறுத்துறதா இருந்தா இப்பமே எந்திரிச்சுப் போயிரலாம். இது சும்மா ஒத்தாசைக்கு. முதுகு நெஞ்சுச் சதை இறுகிக் கெடக்கும்லா, அது செத்த தளரும். இதமா இருக்கும். அம்புட்டுதான்."

இத்தனை நேர்மையாக ஒரு ஆள் பேசினால் எனக்குப் பிடிக்காது. 'ஒரே வாரத்தில் மலை ஏறலாம்' என்று சொல்லியிருந்தால் அப்போதே காலில் விழுந்திருப்பேன்.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். வெள்ளைக் காகிதத்தில் சுருட்டிய, கட்டைவிரல் தடிமன் உள்ள நீளமான குச்சி. என் ஆயுளில் அவ்வளவு பெரிய பீடியை நான் பார்த்ததில்லை.

"சார், நான் பீடியை விட்டுட்டேன்."

"இது குடிக்கிறதுக்கு இல்ல. மாசிபத்திரி. சாமிக்கு மாலையில வச்சுக் கட்டுவாங்கள்லா, அந்தச் செடி. இலையைக் காயப் போட்டு இடிச்சு இடிச்சுச் சலிச்சா இந்தப் பதத்துக்கு வரும்." ஒரு நுனியைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

பஞ்சு! பழுப்பு நிறத்தில், மெத்தென்று, சுத்தமான பஞ்சு. நான் கையை உதறினேன். எந்தப் பஞ்சு என் நெஞ்சைக் கெடுத்ததோ அதையே கொளுத்தி நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடிக்கப் போகிறார். எங்கள் மில்லில் தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்துத்தான் கேட்டுக்குள்ளேயே விடுவார்கள். ஒரு பொறி பேலில் விழுந்தால் எத்தனை வேகத்தில் போகும் என்று கண்ணால் பார்த்தவன் நான். இங்கே என்னடா என்றால், சட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டு ஒருவர் லைட்டரைத் தேடுகிறார்.

மனைவியைப் பார்த்தேன். அவள் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். தப்பிக்க முடியாது.

குப்புறப் படுத்தேன். குச்சியின் நுனி கங்காகிச் சிவந்ததும், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், தோலில் படாமல் கொஞ்சம் உயரத்தில் பிடித்தார். சுடப்போகிறது, சுடப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சுடவில்லை. இளம் வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி ஒரு சூடு மெல்ல இறங்கியது. அவர் குச்சியை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். எத்தனையோ மாதமாக, பிடித்த பிடியை விடாமல் இருந்த ஏதோ ஒன்று முதுகுக்குள் கை தளர்ந்தது. மச்சானைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கினேன்.

"எப்பிடி இருக்கு தம்பி?"

"இன்னொரு ரவுண்டு வாங்க சார்" என்றேன்.

பிறகு நெஞ்சுக்கு. மல்லாந்து படுக்க வைத்தார். வெளியே ஆடிக் காற்று சந்துக்குள் நுழைந்து ஜன்னல் கதவைப் படார் படார் என்று அடித்தது. கங்கிலிருந்து சாம்பல் பறந்து என் வயிற்றில் விழுந்தது. நான் கட்டிலை விட்டு அரையடி எம்பினேன். "காத்துல பொறி பறக்கும். செத்த நேரம் சாத்திக்கிடுவோம்" என்று ஜன்னலையும் கதவையும் சாத்தினார்.

கழுத்துக்குக் கீழே, நடு நெஞ்சில் சூடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதுகுக்குப் பிடித்தபோது பின்னால் போன புகை இப்போது நேராக என் முகத்துக்கு வந்தது. வேப்பஞ்சருகு எரிவதுபோல் ஒரு கசந்த வாசனை. புகை மூக்கருகே வரும்போதெல்லாம் மூச்சை நிறுத்திக்கொண்டேன். விலகியதும் ஒரு சின்ன மூச்சு. மறுபடி வந்தது, மறுபடி நிறுத்தினேன். அறை வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் புகை விலகவே இல்லை. நெஞ்சு தாங்காமல், வேறு வழியில்லாமல், ஒரு பெரிய மூச்சாக இழுத்தேன்.

அவ்வளவுதான். உள்ளே யாரோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். இருமல் வந்தது, இருமி முடிப்பதற்குள் அடுத்த இருமல். எழுந்து உட்கார்ந்தேன். காற்று வெளியே போக மாட்டேன் என்றது. போகாததால் புதுக் காற்றுக்கு உள்ளே இடமில்லை. விசில் சத்தம் எனக்கே கேட்டது, பிறகு அதுவும் மெலிந்தது. மிலிட்டரிக்காரர் குச்சியை மணல் டப்பாவில் குத்தி அணைத்ததையும், ஜன்னலையும் கதவையும் தள்ளித் திறந்ததையும் பார்த்தேன். என்னைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுபோய், ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கைகளை ஊன்றிக் குனிந்து உட்கார வைத்தார். சந்தில் போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள். இடுப்புக்கு மேலே துணி இல்லை. இந்த இடத்தில் எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. 'இதுதான் அது' என்ற ஒரே நினைப்பு. சந்தின் முனையில் ஒருவர் பூ விற்றுக்கொண்டிருந்தார். அவர் பாட்டுக்கு முழம் போட்டுக்கொண்டிருக்கிறாரே, எப்படி முடிகிறது என்று கோபமாக இருந்தது.

"பம்பு! நீலப் பம்பு எங்க?" என்றார் மிலிட்டரிக்காரர்.

மனைவி பையைக் கவிழ்த்துக் கொட்டி எடுத்தாள். குலுக்கிக் கையில் கொடுத்தாள். வாயில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினேன். மருந்து எனக்குக் கேட்காது என்றுதான் எனக்குத் தெரியுமே. அதை இவர்களிடம் சொல்லக்கூட மூச்சு இல்லை.

"அண்ணாச்சி, இங்க பாருங்க! வெளிய வருது" என்று கத்தினாள் மனைவி. நல்ல வெயில். என் உதட்டோரத்தில் வெள்ளையாக ஆவி மாதிரி மருந்து வந்து காற்றில் போனதை அவள் பார்த்துவிட்டாள். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டல்லவா அடிப்பேன்!

"உள்ள இழுங்க தம்பி. இழுங்க, இழுங்க!"

இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

மனைவி என் முகத்துக்கு நேரே குனிந்தாள். "நீங்க இழுக்கல. பிடிக்கீக. மூச்சைப் பிடிக்கீக! மேல பஞ்சு வந்து விழுந்தா டக்குன்னு மூச்சைப் பிடிப்போம்லா, அதையேதான் செய்யுதீக."

அந்த நிலைமையிலும் அது எனக்குப் புரிந்தது. பேலின் கம்பிக்கட்டை வெட்டியதும் பஞ்சு ஒரு பெருமூச்சு விட்டுப் பொங்கும். முகத்தில் தூசி அறையும். அப்போது மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தொண்டை தானே மூடிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வந்துவிடும், பிறகு போகாது. அவளுக்கும் அது உண்டு. பேண்டேஜ் துணியை வெட்டும்போது நூல்தூசி கிளம்பும். எங்கள் வீட்டில் போர்வையை உதறினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவோம். முகத்துக்கு நேரே எது 'புஸ்' என்று வந்தாலும் என் தொண்டை அதைத் தூசி என்று எடுத்துக்கொண்டது. இத்தனை மாதமும் காலையும் மாலையும் என்னைக் காப்பாற்ற வந்த மருந்தை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாள் தவறாமல், ஒழுங்காக.

புரிந்து என்ன செய்ய? தொண்டைக்குப் புரிய வேண்டுமே. மூன்றாவது தடவை அழுத்தப் போனேன். கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"பீடின்னு நெனச்சுக்கோங்க."

"என்ன தங்கச்சி சொல்லுத!" என்றார் மிலிட்டரிக்காரர்.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி. இவுகளுக்கு அது ஒண்ணுதான் இழுக்கத் தெரியும். இங்க பாருங்க, ஷிப்டு முடிஞ்சுருச்சு. கேட்டுக்கு வெளிய வந்துட்டீக. முதப் பீடி. மெதுவா இழுங்க. வேகமா இல்ல, மெதுவா. எனக்குத் தெரியாம இழுக்குற மாதிரி."

உதட்டைக் குவித்தேன். அவள் கை பம்பை அழுத்தியது. நான் இழுத்தேன். மெதுவாக, நீளமாக, கன்னம் ஒட்ட. குளிர்ந்த ஏதோ ஒன்று நாக்கைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, அதுவரை போகாத ஊருக்குள் இறங்கியது. வெள்ளையாக எதுவும் வெளியே வரவில்லை. "பிடிச்சு வைங்க" என்றாள். பிடித்து வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மிலிட்டரிக்காரர் கடிகாரத்தையும் என் விரல் கிளிப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டோவுக்கு ஆள் அனுப்பியிருந்தார். அது வருவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் மெல்ல விலகியது. முதலில் விசில் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பிறகு ஒரு முழு மூச்சு. அதற்குப் பிறகு நான் அழுதேன். அதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். அந்தச் சந்தில் பாதிப் பேர் பார்த்துவிட்டதால் மறைத்துப் பயனில்லை.

"ஜன்னலைச் சாத்துனது என் தப்பு" என்றார் மிலிட்டரிக்காரர். சட்டையை அவரே எனக்கு மாட்டிவிட்டார். "ஒங்க நெஞ்சுக்கு இந்தப் புகையே ஆகாது. இனி இங்க வரக்கூடாது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, நானும் வாரேன்." வந்தார். ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் முதுகு வளையாமல் உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் என் நாடியை விடவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்து ஆவி பிடிக்க வைத்து, சாயங்காலம் வரை படுக்க வைத்து அனுப்பினார்கள்.

மறுநாள் ராஜபாளையத்தில் அந்த இளம் டாக்டரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். எப்போதும் அடிப்பதைப் போல் அடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வெள்ளை ஆவி அவருடைய மேஜை வரை போனது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"மருந்து கேட்கலைன்னு அப்பவே ஏன் வந்து சொல்லல?"

"சொன்னா நீங்க 'அவ்வளவுதான்'னு சொல்லிருவீங்களோன்னு பயம் டாக்டர்."

"என்கிட்டச் சொல்லலைன்னா உங்க நுரையீரலுக்குத் தெரியாமப் போயிருமா?"

அவர் ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் கொடுத்தார். ஒரு பக்கம் பம்பைச் செருகிக்கொண்டு, மறுபக்கம் வாயை வைத்து இழுக்க வேண்டும். அழுத்தினால் மருந்து முதலில் புட்டிக்குள் போய் நிற்கும். முகத்தில் 'புஸ்' என்று அடிக்காது. தொண்டைக்குப் பயப்பட வேலை இல்லை. இதமான சூடு வேண்டுமென்றால் வெந்நீர் ஒத்தடம் போதும், புகை எந்த மூலிகையின் புகையாக இருந்தாலும் புகைதான் என்றார். தூசியைப் பற்றியும் மறுபடி சொன்னார். இந்தத் தடவை எல்லாமே காதில் விழுந்தது. மில்லில் கேட்டு, நூல் பெட்டி கட்டுகிற பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே எல்லாம் கட்டி முடித்த நூல். பேச்சுத் துணைக்கும் ஆள் உண்டு.

நான் குணமாகிவிடவில்லை. அடுத்த முறை குழலை ஊதியபோது திரையில் கோடு முன்பைவிடக் கொஞ்சம் மேலே போய்த்தான் படுத்தது, ஆனாலும் படுத்தது. போனது வராது என்பதில் டாக்டர் மாறவே இல்லை. மாடிக்கு ஒரு தடவை நின்று ஏறுகிறேன். டீக்கடையில் சின்னக் கதைகளாகப் பார்த்துச் சொல்கிறேன். கடைசி வரியை நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கும் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

பயம் எங்கேயும் போகவில்லை. காலையில் அடுக்களை வாசலில் நின்று, புட்டியில் செருகிய பம்பை அழுத்தி, நீளமாக இழுத்து, மூச்சைப் பிடித்து நிற்பேன். அப்போதுதான் அது வந்து பக்கத்தில் நிற்கும். இன்றைக்கு உள்ளே போயிற்றா? தொண்டை மறுபடி ஏமாற்றிவிட்டதா? எனக்குத் தெரியாது, என் தொண்டையை நான் நம்புவதில்லை. அதனால் அவளைப் பார்ப்பேன். அவள் கையில் தோசைக் கரண்டியோடு அடுப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, என் உதட்டையே பார்த்துக்கொண்டு, மெல்ல எண்ணிக்கொண்டிருப்பாள். கல்லில் தோசை கருகும். நாள் முழுவதிலும் நான் பேசாமல் இருக்கிற நேரம் அது ஒன்றுதான்.

எண்ணி முடித்ததும், இன்னும் ஒருமுறை கிட்டத்தில் வந்து பார்ப்பாள்.

"வெளிய வரல. விடுங்க" என்பாள்.

விடுவேன்.